வெள்ளிக்கிழமைக் கலங்கல்

தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, தேயிலைச் செடிகளுக்கு நடுவே நடை பழகி, தேயிலையைப் பற்றியே படித்து டாக்டர் பட்டம் வாங்கி, ஆயுளில் ஒரு தடவைகூடத் தேநீரைச் சூடாகக் குடிக்காத மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் கேமரன் மலைத் தோட்டத்தில் இருந்தார். பெற்றவர்கள் அவருக்கு வைத்த நல்ல பெயர் ஒன்று உண்டு. தொழிற்சாலையில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்த நான் அதைப் பல தாள்களில் தட்டச்சு செய்திருக்கிறேன். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லித் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் விசாரித்தால் யாருக்கும் தெரியாது. "கலங்கல் டாக்டர்" என்றால் நண்டு சிண்டுகள்கூடக் கையைப் பிடித்துக் கூட்டிப் போய்விடும்.

தேநீர் ஆறினால் கலங்கும். சந்தேகம் இருந்தால் ஒரு குவளை சாயத் தண்ணீரைப் பாலில்லாமல் வைத்துவிட்டு, இந்தக் கட்டுரையைப் படித்து முடித்த பிறகு போய்ப் பாருங்கள். சூட்டில் கண்ணாடி மாதிரி இருந்தது, ஆறியதும் மழைக்காலத்து ஆறு மாதிரி ஆகியிருக்கும். நீங்களும் நானும் அதைக் கீழே ஊற்றிவிட்டு வேறு வேலை பார்ப்போம். அவர் அதையே வேலையாகப் பார்த்தார்.

எழுபதுகளின் நடுவில் அவர் வெளிநாட்டுப் படிப்பை முடித்துத் திரும்பினார். எங்கள் தோட்டத்திலிருந்து அதுவரை கப்பலேறிப் போனது தேயிலை மட்டும்தான். முதன்முதலில் போன மனிதர் அவர். அதுவும் மேல்மலையில் கூடை சுமந்து கொழுந்து எடுத்த அம்மாவின் பிள்ளை. எனவே அவர் வந்து இறங்கிய அன்று லயமே திரண்டு மாலையோடு நின்றது. மனிதர் மாலையை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். மரியாதைக்குக் கொடுத்த தேநீரை ஒரு கல்லின் மேல் வைத்து ஆறவிட்டார். பிறகு பையிலிருந்து ஒரு டார்ச் லைட்டை எடுத்து அதற்குள் அடித்துப் பார்த்தார். அப்போது மணி மத்தியானம் பன்னிரண்டு.

"என்னா டாக்டர் தேடுறீங்க? ஈ விழுந்துருச்சா?" என்று கேட்டேன்.

"வெளிச்சம் போற பாத தெரியுதா பாருங்கண்ணே. கோடு மாதிரி."

தெரிந்தது.

"சீனித் தண்ணியில அடிச்சா தெரியாது. இதுல தெரியுது. ஏன்னா இதுல கண்ணுக்குத் தெரியாத தூள் மெதக்குது. கரையவும் கரையாது, அடியில படியவும் படியாது. இதான் கூழ்மம்."

கூட்டத்திலிருந்து ஒரு பெரியவர், "இதுக்கா லா அவ்ளோ தூரம் போயி படிச்சான்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. எனக்கும் அதே சந்தேகம்தான்.

அன்று முதல் டாக்டர் போகுமிடமெல்லாம் டார்ச்சும் போனது. பால் கூழ்மம், நுரை கூழ்மம், ரத்தம் கூழ்மம். காலையில் எங்கள் மலையை மூடுகிற பனிக்குள் டார்ச் அடித்து, "இதுவும் கூழ்மந்தான் அண்ணே, நாம அதுக்குள்ளதான் நடக்குறோம்" என்பார். ஒருமுறை காய்ச்சலில் தானா ராத்தா ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். பார்க்கப் போனால் எழுந்து உட்கார்ந்து பக்கத்துக் கட்டில்காரருக்கு ஏறிக்கொண்டிருந்த மருந்துத் தண்ணீர் போத்தலில் டார்ச் அடித்துக்கொண்டிருக்கிறார். "கோடு தெரியல. சுத்தமான கரைசல். தைரியமா இருங்க" என்று ஆறுதல் சொன்னார். அதுவரை தைரியமாக இருந்த அந்த மனிதர் அப்போதுதான் பயந்தார்.

ரிங்லெட்டில் ஒரு கல்யாணம். வெல்லம் போட்ட தேங்காய்ப்பால் பாயசம் அண்டாவோடு திரிந்துபோய்விட்டது. பெண்ணின் தாயார் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். சமையல்காரர் தலைமறைவு. "டாக்டர் வந்திருக்காரு, கூப்பிடுங்க" என்று யாரோ சொல்ல, நம்மவர் வந்தார், அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தார், முகம் பூவாக மலர்ந்தது.

"ஆகா! எவ்ளோ அழகா திரிஞ்சிருக்கு!"

அந்தத் தாயாரிடமே ஒரு போத்தல் நிறையப் பாயசம் கேட்டு வாங்கி, மூடி போட்டு, தேதி எழுதி ஒட்டிக்கொண்டுதான் பந்தியில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவரைக் கல்யாணத்துக்கு அழைப்பவர்கள் சாப்பாடெல்லாம் முடிந்த பிறகு வரும்படி அழைத்தார்கள்.

நிர்வாகம் அவருக்குத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை கொடுத்திருந்தது. அதோடு, அவர் கெஞ்சிக் கேட்டதற்காகப் பின்கட்டில் ஒரு சிறிய அறையையும் ஒதுக்கியிருந்தார் மானேஜர் துரை. அதுதான் ஆராய்ச்சிக்கூடம். ஒரு மேசை, இரண்டு அலமாரி, கலங்கலை அளக்கும் ஒரு பெட்டி. அந்தப் பெட்டிக்கு எங்கள் மலை ஈரம் ஒத்துக்கொள்ளாது. வாரத்தில் நான்கு நாள் படுத்துக்கொள்ளும். அந்த நாட்களில் நான்தான் பெட்டி. ஒரு பழைய தமிழ்ப் பேப்பரைப் போத்தலுக்குப் பின்னால் பிடித்து, "எந்த வரி வரைக்கும் படிக்க முடியுது சொல்லுங்க" என்பார். என்ன காரணமோ, அவர் எடுத்தது மரண அறிவித்தல் பக்கம். மாதக்கணக்கில் ஒரே மனிதரின் மரணத்தைத் தினமும் படித்ததில், அவருடைய மகன்கள், மருமகள்கள், பேரன் பேத்திகள் பெயரெல்லாம் எனக்கு மனப்பாடம். இன்றைக்கு அந்தக் குடும்பத்தார் யாராவது எதிரே வந்தால் துக்கம் விசாரிக்காமல் விடமாட்டேன்.

கண்ணாடிப் பாத்திரங்களைக் கழுவுவதுதான் பெரும்பாடாக இருந்தது. தொழிற்சாலையில் கழுவினால் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டுகிறது என்று குறைப்பட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் இருக்கிறதே!

"எங்க வீட்டுக்குக் குடுத்துவிடுங்க டாக்டர். சரசு வெளக்குனா பாத்திரத்துல மொகம் பாக்கலாம்."

சரசு என் மனைவி. அவள் விளக்கிய பாத்திரத்தில் முகம் தெரிவது சத்தியமான உண்மை. கிராணி வீட்டு வரிசையில் எங்களுடையது ஏழாம் நம்பர். டாக்டர் தினமும் சாயங்காலம் கண்ணாடிக் குடுவைகளைக் கூடையில் கொண்டுவந்து வைப்பார், மறுநாள் காலையில் மினுமினுவென்று எடுத்துப் போவார். அவளுக்கு அவர் தம்பி. அவருக்கு அவள் அண்ணி. வரிசையில் மற்ற கிராணி வீட்டுப் பெண்கள், "கிராணி வீட்டு அம்மா போத்தல் கழுவுறாங்களாம்" என்று மூக்கில் விரலை வைத்தார்கள். சரசு கண்டுகொள்ளவில்லை.

இப்படியே ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு நாள் டாக்டர் என் மேசைக்குப் பாய்ந்து வந்தார். கையில் வரைபடத்தாள். அதில் ஒரு கோடு தரையோடு தரையாகப் போய், திடீரென்று எழும்பி, இறங்கி, மறுபடி எழும்பியது.

"எல்லா வெள்ளிக்கெழமையும் தேத்தண்ணி கூடுதலா கலங்குது அண்ணே! வெள்ளிக்கெழம எங்கேருந்து கொழுந்து வருது?"

முதல் நாள் பறித்த கொழுந்துதான் மறுநாள் தூளாகும். வியாழக்கிழமைதோறும் மேல்மலையில் பறிப்பது எங்கள் தோட்டத்து முறை. சொன்னேன். அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய அம்மா கூடை சுமந்த அதே மேல்மலை.

உயரத்தில் விளையும் கொழுந்துக்குத் தனிக் குணம் உண்டு, அதனால்தான் கலங்கல் அதிகம் என்று கட்டுரை எழுதினார். தட்டச்சு செய்தது அடியேன். வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பினோம். சில மாதங்களில், ஏற்றுக்கொண்டோம் என்று கடிதம் வந்துவிட்டது. அன்றைக்கு லயத்தில் இருந்த கொண்டாட்டத்தைப் பார்க்க வேண்டுமே! மேல்மலையில் பறிக்கும் பெண்கள் கூடையைக் கொஞ்சம் நிமிர்த்தியே மாட்டிக்கொண்டு நடந்தார்கள். "எங்க மலக் கொழுந்து பொஸ்தகத்துல வருது, தெரியுமா?" என்று கீழ்மலைப் பெண்களிடம் பேச்சு வேறு.

சந்தோஷம் இருந்த இடத்திலேயே சங்கடமும் வந்தது. கோலாலம்பூரிலிருந்து இயக்குநர்கள் வரப்போகிறார்கள் என்று தகவல் வந்தது. தோட்டத்தில் உரம் வைக்க இடம் போதவில்லை. பின்கட்டு அறையில் உருப்படியாக ஏதாவது நடக்கிறதா என்று பார்ப்பார்கள். இல்லையென்றால் அது உரக்கிடங்கு. மானேஜர் துரைக்குக் கவலையே இல்லை. "அந்தக் கடிதத்தை மட்டும் மேசையில் வையுங்கள், அறை தப்பித்துவிடும்" என்று டாக்டரின் தோளைத் தட்டினார்.

அந்தச் சமயத்தில் சரசுவின் தங்கைக்குப் பிரசவம். மூன்று வாரம் ரிங்லெட்டுக்குப் போய்விட்டாள். வீட்டில் நான்தான் சமையல், நான்தான் குடுவை கழுவுதல். டாக்டர் முகம் நாளுக்கு நாள் சுருங்கியது. ஒரு வெள்ளிக்கிழமை கோடு எழும்பவில்லை. அடுத்த வெள்ளியும் இல்லை. மூன்றாவது வெள்ளியும் இல்லை. மேல்மலைக் கொழுந்து என்னவோ வழக்கம்போல வந்துகொண்டுதான் இருந்தது. சரசு திரும்பி வந்த வாரம், வெள்ளிக்கிழமை கோடு மறுபடியும் ஜம்மென்று எழும்பியது.

அன்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் டாக்டர் செருப்போடு எங்கள் அடுப்படிக்குள் நுழைந்தார்.

"அண்ணி, வெள்ளிக்கெழம காலையில என்ன செய்வீங்க?"

"என்ன செய்வேன், சாமி வெளக்கு வெளக்குவேன்."

"எதப் போட்டு?"

"புளிதான் தம்பி. பித்தளைக்கு வேற எதப் போடுறது?"

"என் குடுவைய?"

சரசு என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"மத்த நாளு சோப்புத் தூளுதான். வெள்ளிக்கெழம கையில புளி இருக்கும்ல, அதையே போட்டு வெளக்கிருவேன். நம்ம புள்ள படிப்பு சாமான்னு சாமி பாத்திரத்தோட சேத்துத்தான் வெளக்குறேன். ஏன், அழுக்கு போவலையா?"

"எத்தன தடவ அலசுவீங்க?"

"ஒரு தடவ. இந்த மலத் தண்ணியில கை வெறச்சுப் போவுது, தம்பி."

டாக்டர் டார்ச்சை எங்கள் அம்மிக்கல்லின் மேல் வைத்தார். குடுவையின் உள்பக்கத்தை விரலால் தடவி நாக்கில் வைத்தார். புளித்திருக்க வேண்டும். நான் தலையில் அடித்துக்கொண்டேன். மேல்மலையும் இல்லை, தனிக்குணமும் இல்லை. உலகமே படிக்கப்போகிற கண்டுபிடிப்பு என் வீட்டுப் புளி.

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். மனிதர் சிரித்தார். அதுவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு. அப்புறம் சிரிப்பு நின்றது. "அண்ணே, ஒரு லெட்டர் டைப் பண்ணணும். கட்டுரைய வாபஸ் வாங்கணும்" என்றார்.

"பைத்தியமா டாக்டர் ஒங்களுக்கு? திங்கக்கெழம எல்லாரும் வராங்க. ரூம் போயிரும் லா! யாருக்குத் தெரியப் போவுது? புளி வந்து பேசவா போவுது?"

"அதான் பேசிருச்சே அண்ணே. இத்தன மாசமா வெள்ளிக்கு வெள்ளி பேசியிருக்கு. நாந்தான் கேக்கல."

தட்டச்சு செய்தேன். கோபத்தில் ஒவ்வொரு எழுத்தையும் குத்தினேன். தாளில் முற்றுப்புள்ளி வைத்த இடத்திலெல்லாம் ஓட்டை. அப்படியே கையெழுத்துப் போட்டு அவரே தானா ராத்தாவுக்குப் போய்த் தபாலில் சேர்த்துவிட்டு வந்தார்.

திங்கட்கிழமை கூட்டத்தில் குறிப்பெடுக்க நானும் இருந்தேன். மேசையில் கடிதம் இல்லை. இரண்டு குவளை ஆறிய தேநீர் இருந்தது. ஒன்றில் ஒரு சொட்டுப் புளித்தண்ணீர் விட்டிருந்தார். அது நன்றாகக் கலங்கி, நிறமும் வெளுத்திருந்தது. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். சாமி விளக்கைக்கூட விடவில்லை. ஆனால் கழுவியது யார் என்பதை மட்டும் சொல்லவில்லை. "கவனிக்காதது என் தப்பு" என்று முடித்தார். ஓர் இயக்குநர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். இன்னொருவர் சிரிக்காமல் கடிகாரத்தைப் பார்த்தார். மானேஜர் துரையின் முகம் தக்காளியானது. அந்த வாரக் கடைசிக்குள் பின்கட்டு அறையில் கூரை முட்ட உர மூட்டை ஏறிவிட்டது. தரம் பார்க்கும் வேலை மட்டும் தப்பியது.

வராந்தாவில் குடுவைகளையும் அந்தச் சீக்காளிப் பெட்டியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது எனக்குப் பாவமாக இருந்தது. அதே சமயம் எரிச்சலாகவும் வந்தது. ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டாம், வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும் என்ற இடத்தில் வாயைத் திறந்தவரை என்ன செய்ய?

என்ன செய்வது என்பது சரசுவுக்குத் தெரிந்திருந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள்.

"என் புளியால போன ரூமு. என் அடுப்படியில வந்து வைங்க தம்பி."

என்னை யாரும் கேட்கவில்லை. கேட்காததால் நானும் ஒரு முனையில் பெட்டியைப் பிடித்துத் தூக்கினேன்.

இரண்டு வருஷம்! இரண்டு வருஷம் எங்கள் அடுப்படியில் பாதி அறிவியலுக்கு, பாதி சாம்பாருக்கு. நடுவில் சரசு சுண்ணாம்பால் கோடு போட்டிருந்தாள். வேலை முடிந்ததும் டாக்டர் வந்து, கோட்டுக்கு அந்தப் பக்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். ஒருமுறை தாகத்தில் நான் எடுத்துக் குடித்த தேநீர், பதினேழு நாள் காத்து வளர்த்த கலங்கலாம். எனக்கு வயிறு கலங்குமோ என்று என் கவலை. அவருக்கோ பதினெட்டாம் நாள் அளவு போயிற்றே என்ற கவலை. சரசுவும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டு, "கோடு போட்டுருக்குல்ல? கண்ணு தெரியலையா?" என்றாள்.

அந்த ஆராய்ச்சிக்கு விதை போட்டதும் அவள்தான். முதல் நாளே கேட்டாள். "புளி பட்டா கலங்குதுன்னு தெரிஞ்சிருச்சு. சரி. ஏன் கலங்குது?"

வெளிநாட்டில் படித்த மனிதர் அந்தக் கேள்வியை அப்படியே தாளில் எழுதிக்கொண்டார். "அதத்தான் அண்ணி பாக்கணும்" என்றார்.

பார்த்தார். தேநீரின் துவர்ப்புச் சத்தும் காஃபீனும் சூட்டில் தனித்தனியாக அலையுமாம். ஆறினால் கைகோத்துக்கொண்டு தூளாகுமாம். புளிப்புப் பட்டால் இன்னும் இறுக்கிக் கட்டிக்கொள்ளுமாம். எந்த அளவு புளிப்பில் எவ்வளவு இறுக்கம் என்பதை ஒவ்வொரு சொட்டாக அளந்து எழுதினார். எங்கள் கட்டுரை போய்ப் போய்த் திரும்பி வந்தது. இதைத் திருத்து, அதை விளக்கு என்று கேள்விமேல் கேள்வி. பதினொரு தடவை தட்டச்சு செய்தேன். எண்பதுகள் பிறந்த பிறகு ஒரு நாள் அச்சான இதழ் வந்து சேர்ந்தது.

நான் முதலில் பார்த்தது நன்றி சொல்லும் பகுதியை. மனித இயல்பு, மன்னித்துவிடுங்கள். அங்கே என் சரசுவின் முழுப்பெயர் இருந்தது. கண்ணாடிப் பாத்திரங்களைக் கவனித்துக்கொண்டதற்காகவும், ஆராய்ச்சியின் கேள்வியைக் கேட்டதற்காகவும் நன்றி என்று இங்கிலீஷில் போட்டிருந்தார். அவளுக்கு வாசித்துக் காட்டியபோது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. ஆனால் பதினொரு தடவை தட்டச்சு செய்தவனின் பெயர்? மேலே தேடினேன், கீழே தேடினேன், எங்கேயும் இல்லை.

"நல்லா இருக்கு டாக்டர்," என்றேன், விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு.

அவர் டார்ச்சை எடுத்து, தலைப்புக்குக் கீழே அடித்துக் காட்டினார். ஆராய்ச்சி நடந்த இடத்தின் விலாசம் போடும் வரி அது. மற்றவர்களெல்லாம் அங்கே பல்கலைக்கழகம், கழகம், நிலையம் என்று போட்டிருந்தார்கள். எங்கள் கட்டுரையில் இருந்தது இதுதான்: ஏழாம் நம்பர், கிராணி வீட்டு வரிசை.

"எங்க நடந்துச்சோ அந்த எடத்தத்தானே அண்ணே போடணும்? ஒங்க பேரப் போட்டா இந்தக் கட்டுரையோட நின்னுரும். இனிமே இதப் பத்தி யாரு எழுதுனாலும், யாரு தேடுனாலும், ஒங்க வீட்டுக்குத்தான் வரணும்."

வந்தார்கள். அப்போதெல்லாம் ஒரு கட்டுரையின் பிரதி வேண்டுமென்றால் எழுதியவருக்கு அஞ்சலட்டை போடுவது வழக்கம். பெயரே வாயில் நுழையாத ஊர்களிலிருந்தெல்லாம் அட்டை வர ஆரம்பித்தது. சிலர் மரியாதையாக, "தலைவர், ஆராய்ச்சிப் பிரிவு, ஏழாம் நம்பர்" என்று எழுதியிருந்தார்கள். தபால்காரர் வாசலில் நின்று, "தலைவர் இருக்காங்களா?" என்று கூப்பிடுவார். சரசு மாவுக் கையோடு வந்து வாங்கிக்கொள்வாள். எல்லா அட்டைக்கும் பதில் தட்டியது நான்தான். ஒரு தாளில்கூட ஓட்டை விழவில்லை. மூக்கில் விரல் வைத்த பெண்கள் வெளிநாட்டுத் தபால்தலை கேட்டு எங்கள் வாசலுக்கு வந்தார்கள். சரசு கேட்டவர்களுக்கெல்லாம் கிழித்துக் கொடுத்தாள். மானேஜர் துரையும் ஒரு நாள் வந்தார், அடுப்படியை எட்டிப் பார்த்தார், சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டாமல் திரும்பிப் போனார்.

பிறகு சமவெளியில் ஒரு பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது. தேங்காய்ப்பால் ஏன் திரிகிறது, இழுத்து ஆற்றும் தாரிக் தேநீரின் நுரை ஏன் நிற்கிறது என்று நிறைய எழுதினார். ரிங்லெட் கல்யாணப் பாயசத்தின் போத்தலும் அவரோடு போனதாகக் கேள்வி. ஒவ்வொரு கட்டுரையும் எங்களுக்கு ஒரு பிரதி வரும். எல்லாவற்றிலும் அவர் பெயருக்கு இரண்டு விலாசம். ஒன்று பல்கலைக்கழகம். அடியில் சிறிய எழுத்தில் மற்றொன்று, ஏழாம் நம்பர். எங்கள் லயத்துக் கொழுந்துக்காரியின் மகன் அவர் என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு ஒரு சாண் விரியும். இப்போதும் விரிகிறது.

நான் ஓய்வு பெற்று, தோட்டத்து வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தானா ராத்தாவில் குடியேறினோம். போகும்போது அவர் விட்டுச்சென்ற ஒரு குடுவை எங்களோடு வந்தது. இன்றைக்கும் வெள்ளிக்கிழமை காலையில் சரசு சாமி விளக்கை விளக்குகிறாள். கையில் மிச்சமிருக்கும் புளியால் அந்தக் குடுவையையும் விளக்குகிறாள். தண்ணீர் இன்னமும் கை விறைக்கும் தண்ணீர்தான். ஆனாலும் மூன்று தடவை அலசுகிறோம். மூன்றாவது தண்ணீரை நான் ஊற்றுகிறேன்.